ஓசூர் ஆலைகளில் வேலை தேடும் உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு



விடியற்காலையில் பால் கறந்து சங்கத்தில் ஊற்றிவிட்டுத் திரும்பும் வேளையில், ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை வட்டாரங்களின் சாலையோரத்தில் இளைஞர்களும் இளம்பெண்களும் ஆலைப் பேருந்துக்காகக் காத்து நிற்பதை நாள்தோறும் காண்கிறீர்கள். அவர்களில் உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஒருவராக இருக்கலாம்; அல்லது வரும் ஆண்டில் நிற்கப்போகிறவராக இருக்கலாம். மானாவாரி ராகியையும் கொள்ளையும், விலை நிலையில்லாத தக்காளியையும் நம்பியிருக்கும் குடும்பத்துக்கு மாதந்தோறும் வரும் சம்பளம் பெரிய துணை. ஆயினும் அந்தத் துணை ஐந்து ஆண்டுகளில் நின்றுவிடுமா, முப்பது ஆண்டுகள் நிலைக்குமா என்பது முதல் வேலையை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே உள்ளது.

விதை வாங்கும்போது விலையை மட்டும் பார்த்து நாம் வாங்குவதில்லை. முளைப்புத் திறன் என்ன, எத்தனை நாள் வயது, நம் மண்ணுக்கு ஏற்றதா என்று கேட்கிறோம். பிள்ளையின் முதல் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போதோ, “சம்பளம் எவ்வளவு?” என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறோம். அதனுடன் கேட்க வேண்டிய மற்றக் கேள்விகள் யாவை, வேலைக்குச் சேர்ந்தபின் முன்னேறும் வழி யாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஓசூர் வளர்ந்த வரலாறு

தமிழ்நாடு அரசு 1971-இல் சிப்காட் நிறுவனத்தைத் தொடங்கியது. அது முதலில் அமைத்த தொழிற்பேட்டைகளுள் ஓசூரும் ஒன்று. 1980-இல் அசோக் லேலண்டு நிறுவனத்தின் லாரித் தொழிற்சாலை இங்கு வந்தது. அதே ஆண்டில்தான் டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரில் உருவாகி வெளிவந்தது. 1984-இல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் நிறுவனம் இங்கே கடிகாரத் தொழிற்சாலையை நிறுவியது.

டைட்டனின் வரலாற்றில் நமக்கு ஒரு பாடம் உண்டு. கைக்கடிகாரம் செய்யும் தொழிலை அறிந்தவர்கள் அப்போது இவ்வட்டாரத்தில் இல்லை. பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி தந்து, நுண்ணிய பாகங்களைப் பொருத்தும் வேலையில் அமர்த்தினார்கள். 1990-களில் மைராடா என்ற தொண்டு நிறுவனத்தின் துணையுடன் ஓசூர்ப் பகுதிக் கிராமப் பெண்கள் சேர்ந்து, ‘மெடோ’ என்ற பெயரில் தாங்களே ஒரு நிறுவனம் அமைத்து, கடிகாரச் சங்கிலிகளைக் கோத்துத் தரும் வேலையை ஏற்று நடத்தினார்கள். களை வெட்டிய கைகளுக்கு நுண்தொழிலும் வரும். முறையாகக் கற்றுக்கொடுப்பவர் ஒருவர் வேண்டும், அவ்வளவே.

2004 பிப்ரவரி 9-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019-இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. 2021-இல் போச்சம்பள்ளி சிப்காட்டில் ஓலா நிறுவனத்தின் மின்சார ஸ்கூட்டர் ஆலையும், ஓசூரில் ஏத்தர் நிறுவனத்தின் ஆலையும் இயங்கத் தொடங்கின. குருபரப்பள்ளியில் டெல்டா நிறுவனம் மின்னணுக் கருவிகளைச் செய்கிறது. ஓசூரை அடுத்துள்ள டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் கைபேசிப் பாகங்கள் உருவாகின்றன. அங்குப் பெரும் எண்ணிக்கையில் பெண்கள் பணிபுரிகிறார்கள். ஜூஜூவாடி எல்லையைக் கடந்தால் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி எனக் கர்நாடகத்தின் தொழிற்பகுதிகள் பெங்களூரு வரை தொடர்கின்றன.

எனவே வேலைக்குப் பஞ்சமில்லை என்று தோன்றும். ஆனால் ஜார்க்கண்ட், ஒடிசா, பீகார் மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் இங்கு வருகிறார்கள். பயிற்சி தேவைப்படாத வேலைக்கு ஆள் எளிதில் கிடைப்பதால் அதில் ஊதியம் மெதுவாகவே உயரும். உள்ளூர்க்காரர் என்பது மட்டும் நமக்குத் தகுதியாகிவிடாது. கையில் உள்ள தொழிலே தகுதி.

வேலைகள் மூன்று வகை

ஆலை வாயிலுக்குள் ஒரே சீருடையில் வேலை செய்தாலும் எல்லாரும் ஒரே வகை ஆட்கள் அல்லர்.

முதல் வகையினர் நிறுவனத்தின் நேரடிப் பணியாளர்கள். நியமனக் கடிதமும் சம்பளமும் நிறுவனத்தின் பெயரிலேயே வரும்.

இரண்டாம் வகையினர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். இவர்களுக்குச் சம்பளம் தருபவர் கான்டிராக்டர். ஒப்பந்தம் முடிந்தால் வேலையும் முடியலாம்.

மூன்றாம் வகையினர் தொழிற்பழகுநர்கள், அதாவது அப்ரெண்டிஸ்கள். 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி பயிற்சி பெறுபவர்கள். 30 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்கள் இவர்களைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ள வேண்டும். இவர்களுக்குச் சம்பளம் இல்லை, உதவித்தொகை உண்டு. ஐ.டி.ஐ. முடித்தவருக்குக் குறைந்த அளவு மாதம் ரூ. 7,000 என்று 2019-இல் விதிக்கப்பட்டது. இவ்வுதவித்தொகைகளை 36 சதவிகிதம் உயர்த்தலாம் என்று 2025 மே மாதத்தில் மத்தியக் குழு பரிந்துரைத்தது. சேரும் நாளில் நடப்பில் உள்ள தொகையைக் கேட்டறிந்துகொள்ளுங்கள். பயிற்சியின் முடிவில் தேர்வு எழுதித் தேறினால் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் கிடைக்கும். பயிற்சி தந்த நிறுவனமே வேலையும் தர வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. ஆனால் அச்சான்றிதழ் இந்தியா முழுவதும் செல்லும்.

ஒரு கணக்கு

ஐ.டி.ஐ. முடித்த ஓர் இளைஞருக்கு ஒரே வாரத்தில் இரண்டு வாய்ப்புகள் வருவதாக வைத்துக்கொள்வோம். ஒன்று, மாதம் ரூ. 16,000 தரும் ஒப்பந்த வேலை. பெட்டியில் பொருளை அடுக்கி ஒட்டும் வேலை. மற்றொன்று, மாதம் ரூ. 10,000 தரும் தொழிற்பழகுநர் பயிற்சி, சி.என்.சி. எந்திரத்தில். தொகைகள் யாவும் கணக்கு விளங்குவதற்காக நாம் கொண்டவை.

ஒப்பந்த வேலையில் ஓர் ஒப்பந்தத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஆண்டுக்கு ஒரு மாதம் வேலையின்றிப் போவதாகக் கொண்டால், 11 மாத வருமானம் ரூ. 1,76,000. சம்பளம் உயரவில்லை எனில் ஐந்து ஆண்டுகளில் ரூ. 8,80,000.

பழகுநருக்கு முதல் ஆண்டில் ரூ. 1,20,000 மட்டுமே. சான்றிதழ் பெற்றபின் ரூ. 18,000-இல் வேலைக்குச் சேர்ந்து, ஆண்டுக்கு ரூ. 2,000 வீதம் மாதச் சம்பளம் உயர்வதாகக் கொள்வோம். இரண்டாம் ஆண்டில் ரூ. 2,16,000, மூன்றாம் ஆண்டில் ரூ. 2,40,000, நான்காம் ஆண்டில் ரூ. 2,64,000; ஐந்தாம் ஆண்டில் ரூ. 2,88,000. ஆக மொத்தம் ரூ. 11,28,000.

முதல் ஆண்டில் ரூ. 56,000 குறைவு. இரண்டாம் ஆண்டு முடிவிலும் ரூ. 16,000 குறைவுதான். மூன்றாம் ஆண்டில் கணக்கு மாறி ரூ. 48,000 மிகுதியாகிறது. ஐந்தாம் ஆண்டு முடிவில் ரூ. 2,48,000 மிகுதி. மாங்கன்று நட்டவர் முதல் மூன்று ஆண்டுகளுக்குக் காயை எதிர்பார்ப்பதில்லை. தொழில் கற்பதும் அத்தகையதே.

அந்த முதல் ஆண்டின் ரூ. 56,000-ஐத் தாங்க முடியாத வீடுகளும் உண்டு. கடன் தவணை நெருக்கலாம். தங்கையின் படிப்புச் செலவு இருக்கலாம். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை ஒப்பந்த வேலைக்குச் செல்வதில் இழிவு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கெடு வைத்துக்கொண்டு செல்ல வேண்டும். “18 மாதங்களில் இந்தக் கடன் தீரும், அதற்குள் இன்ன எந்திரத்தைக் கற்றுக்கொள்வேன், அதன்பின் தொழிற்பயிற்சியில் சேர்வேன்” என்று வீட்டார் கூடிப் பேசித் தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. கெடு இல்லாமல் சென்றவருக்கு 25 வயதுக்குப் பின்னும் முதல் நாள் செய்த வேலையே கையில் நிற்கும்.

எந்தத் தொழிலைக் கற்கலாம்?

பத்தாம் வகுப்புத் தேறியவர்கள் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் பிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீசியன் போன்ற பிரிவுகளில் சேரலாம். எட்டாம் வகுப்புத் தேறியவர்களுக்கும் வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகள் உள்ளன. ஆண்களுக்கு வயது வரம்பு 14 முதல் 40 வரை. பெண்களுக்கு மேல் வரம்பு இல்லை. கல்விக் கட்டணம் இல்லை, மாதம் ரூ. 750 உதவித்தொகையும் பேருந்து அட்டையும் உண்டு. அரசுப் பள்ளியில் பயின்று வந்த மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், 2024 முதல் மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் ரூ. 1,000 வழங்கப்படுகிறது.

2023-இல் தமிழ்நாட்டின் 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் புதிய எந்திரங்களுடன் மேம்படுத்தப்பட்டன. ரோபோ இயக்கம், சி.என்.சி. எந்திர வேலை, மின்சார வாகனப் பழுது நீக்கம் போன்ற பிரிவுகள் வந்துள்ளன. எந்த நிலையத்தில் எந்தப் பிரிவு உள்ளது என்பதை விண்ணப்பிக்கும் முன் நேரில் சென்று பார்த்து வருவது நல்லது.

உழவோடு உறவுள்ள தொழில்களையும் மறந்துவிட வேண்டாம். ஓசூர், தளி வட்டாரப் பசுமைக்குடில்களில் ரோஜாவும் குடைமிளகாயும் விளைகின்றன. அமுதகொண்டபள்ளியில் டான்ஃப்ளோரா மலர்ப் பூங்கா உள்ளது. தளியில் இந்திய இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தின் கீழ் அமைந்த கொய்மலர் மகத்துவ மையம் உள்ளது. இத்தகைய இடங்களில் சொட்டுநீர் வழி உரமிடும் கருவியை இயக்குபவர், குளிர்பதன அறையைப் பராமரிப்பவர், மலர்களைத் தரம் பிரிப்பவர் தேவைப்படுகின்றனர். கிருஷ்ணகிரியின் மாங்கூழ் ஆலைகளுக்குக் கொதிகலன் இயக்கும் சான்று பெற்றவர், எலக்ட்ரீசியன், பிட்டர் ஆகியோர் தேவை. பழக்காலத்தில் மட்டும் கூலிக்குச் செல்பவருக்கும், ஆண்டு முழுவதும் எந்திரத்தைப் பராமரிப்பவருக்கும் உள்ள வேறுபாட்டை எந்த மாங்கூழ் ஆலையிலும் நேரில் காணலாம். ஏ.சி. மற்றும் குளிர்பதனப் பிரிவும் டிராக்டர் மெக்கானிக் பிரிவும் ஆலை, வயல் இரண்டிலும் சோறு போடும்.

விண்ணப்பிக்கும் முன்

கீழ்க்கண்டவற்றை ஒரு கோப்பில் ஆயத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

1. பள்ளி மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், ஐ.டி.ஐ. சான்றிதழ், சாதிச் சான்றிதழ்.

2. ஆதார், பான் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம்.

3. ஒரு பக்க அளவில் தன்விவரக் குறிப்பு. படிப்பு, பயிற்சி, இயக்கத் தெரிந்த எந்திரங்கள், பேசத் தெரிந்த மொழிகள் ஆகியவற்றை அதில் எழுத வேண்டும்.

இவற்றுள் மிக முக்கியமானது ஒன்று: பெயரும் பிறந்த தேதியும் எல்லா ஆவணங்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்து, ஆதாரில் தந்தையின் முழுப்பெயர், வங்கிப் புத்தகத்தில் வேறோர் எழுத்துக்கோவை என்று இருந்தால், பின்னர் வைப்பு நிதிப் பணத்தை எடுக்கும் நாளில் அலைய நேரிடும். வேலைக்குச் சேரும் முன்பே திருத்திக்கொள்ளுங்கள்.

மொழி என்பதை விண்ணப்பத்தில் எழுதத் தயங்க வேண்டாம். ஓசூர் வட்டாரத்துப் பிள்ளைகளில் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படித்தவர்கள். எல்லையின் இருபுறமும் ஆலைகள் உள்ள இடத்தில் இது ஒரு தகுதி. மூன்று மொழி பேசுபவர் விரைவில் குழுத் தலைவராகும் வாய்ப்பு உண்டு.

வேலை எங்கே தேடுவது?

கிருஷ்ணகிரியில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கத் தவறாதீர்கள். இம்மையம் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களையும் நடத்துகிறது, கட்டணம் இல்லை. படித்த தொழிற்பயிற்சி நிலையத்தில் நடைபெறும் நிறுவனத் தேர்வு முகாம்கள் சிறந்த வழி. தொழிற்பழகுநர் இடங்களுக்கு அதற்கெனவுள்ள மத்திய அரசின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். இதை ஐ.டி.ஐ. ஆசிரியரின் துணையுடன் செய்யலாம்.

வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். நல்ல நிறுவனம் எதுவும் வேலைக்காகப் பணம் வாங்குவதில்லை. ஆடு, மாடு விற்றும் நகையை அடகு வைத்தும் தரகரிடம் கொடுத்த பணம் திரும்பி வருவது அரிது. அசல் சான்றிதழ்களை எவரிடமும் விட்டு வைக்காதீர்கள். காட்டிவிட்டு நகலைக் கொடுங்கள். எழுதப்படாத வெற்றுத்தாளில் கையொப்பமிடாதீர்கள்.

நேர்முகத் தேர்வில்

கால் மணி நேரம் முன்னதாகச் செல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதால் வாய்ப்புப் போய்விடாது. பொய் சொன்னால் போய்விடும். பயிற்சி பெற்ற எந்திரத்தைப் பற்றியும் அளவுக் கருவிகளைப் பற்றியும் கட்டாயம் கேட்பார்கள். வெர்னியர் காலிப்பரில் 0.02 மி.மீ., மைக்ரோமீட்டரில் 0.01 மி.மீ. வரை அளக்கலாம் என்பதை மனப்பாடமாகச் சொன்னால் போதாது. கருவியைக் கையில் கொடுத்தால் அளந்து காட்டத் தெரிய வேண்டும்.

“விவசாயக் குடும்பம்தானே, அறுவடைக்கு லீவு கேட்பாயா?” என்று கேட்டால் மழுப்ப வேண்டாம். மாம்பழக் காலத்தில் எத்தனை நாள் தேவைப்படும், அதை முன்கூட்டியே எழுதிக் கேட்பேன் என்று தெளிவாகச் சொல்லுங்கள். மோட்டாரைக் கழற்றிப் பூட்டத் தெரியும், டிராக்டர் ஓட்டத் தெரியும், சொட்டுநீர்க் குழாய் அமைக்கத் தெரியும் என்பவையும் தகுதிகளே, சொல்லுங்கள்.

அவர்கள் கேட்டு முடித்தபின் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து:

1. என் நியமனக் கடிதம் யார் பெயரில் வரும்? நிறுவனமா, கான்டிராக்டரா?

2. எத்தனை மாதங்களுக்கு? அதன்பின் என்ன?

3. எந்த எந்திரத்தில், எந்த வேலையில்?

4. பிடித்தம் போகக் கையில் வருவது எவ்வளவு? உணவு, பேருந்து, விடுதி ஆகியவற்றுக்குப் பிடித்தம் உண்டா?

5. பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா?

பணிவாகக் கேட்கப்படும் கேள்விக்கு எந்த நல்ல அதிகாரியும் கோபிப்பதில்லை. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கொடுக்கப்பட வேண்டும். எனவே கடிதம் கேட்பது உங்கள் உரிமை.

பி.எஃப். பணம்: அறுவடைக்கு முன் அறுக்காதீர்கள்

வருங்கால வைப்பு நிதிக்கு உங்கள் ஊதியத்தில் 12 சதவிகிதம் பிடிக்கப்படும். முதலாளியும் 12 சதவிகிதம் செலுத்துவார். அதில் ஒரு பகுதி ஓய்வூதியக் கணக்கில் சேரும். ஒவ்வொருவருக்கும் 12 இலக்கம் கொண்ட யு.ஏ.என். எண் ஒன்றே. ஒப்பந்த வேலைக்கும் இது உண்டு. ஓசூரிலிருந்து பொம்மசந்திராவுக்கு மாறினாலும் எண் மாறாது. பழைய கணக்கைப் புதிய கணக்கோடு இணைத்துக்கொள்ளலாம்.

நம் இளைஞர்கள் செய்யும் பெரிய பிழை இங்கேதான். ஒவ்வொரு முறை வேலை மாறும்போதும் பணத்தை முழுவதும் எடுத்து, கைபேசி வாங்குகிறார்கள் அல்லது வண்டிக்கு முன்பணம் கட்டுகிறார்கள். மொத்தம் 10 ஆண்டுப் பணிக்காலம் சேர்ந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. இரண்டு ஆண்டு இங்கே, மூன்று ஆண்டு அங்கே என்று செய்த வேலைகளும் கூடிப் பத்தாகும். ஓய்வூதியப் பணத்தை இடையில் எடுத்தவருக்கு அந்த ஆண்டுகள் கணக்கில் சேரா. உழவருக்குப் பொதுவாக ஓய்வூதியம் கிடையாது. உங்கள் வீட்டில் அதைப் பெறப்போகும் முதல் தலைமுறை உங்கள் பிள்ளையாக இருக்கலாம். ஆகவே மாற்றுங்கள், எடுக்காதீர்கள்.

ஊதிய வரம்புக்கு உட்பட்டோருக்கு இ.எஸ்.ஐ. காப்பீடு உண்டு. தொழிலாளி செலுத்துவது 0.75 சதவிகிதம், முதலாளி செலுத்துவது 3.25 சதவிகிதம். குடும்பத்தாருக்கும் மருத்துவ உதவி கிடைக்கும். விதிப்படி 78 நாட்களுக்குச் சந்தா செலுத்தியவர் நோயுற்றால், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 சதவிகிதம் பெறலாம். வேலையில் காயமடைந்தால் சந்தா நாட்கள் எத்தனை என்று பாராமல் முதல் நாளிலிருந்தே உதவி உண்டு. காயத்தை மறைக்காமல் அன்றே பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள்.

எல்லைக்கு அப்பால் வேலை என்றால்

வசிப்பது தமிழ்நாட்டில், வேலை கர்நாடகத்தில் என்பவர்கள் பலர். ஆலை எந்த மாநிலத்தில் உள்ளதோ அந்த மாநிலத்தின் குறைந்தபட்ச ஊதியமும் விடுமுறைப் பட்டியலும் பொருந்தும். ஊதியம் பற்றிய முறையீட்டையும் பொதுவாக அந்த மாநிலத் தொழிலாளர் துறையிடமே செய்ய வேண்டும். இ.எஸ்.ஐ. மருந்தகத்தை மட்டும் வசிக்கும் இடத்துக்கு அருகில் கேட்டுப் பெறலாம்.

2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை, தனியார் துறை வேலைகளில் அம்மாநிலத்தவருக்கு ஒதுக்கீடு செய்யும் சட்ட முன்வரைவுக்கு ஒப்புதல் தந்து, எதிர்ப்பு எழுந்தபின் நிறுத்தி வைத்தது. நாளை எது நேரினும், எந்திரம் தெரிந்தவரை எந்த ஆலையும் எளிதில் இழக்க விரும்பாது. கன்னடம் பேசத் தெரிந்தவர்கள் எழுத்துக்கூட்டிப் படிக்கவும் கற்றுக்கொண்டால் நன்மையே.

மகளை வேலைக்கு அனுப்பும் பெற்றோருக்கு

விடுதியை நேரில் சென்று பாருங்கள். அறைக்கு எத்தனை பேர், தண்ணீர் வசதி எப்படி, இரவில் பொறுப்பாளர் யார், உடல்நலம் குன்றினால் எந்த மருத்துவமனை என்று கேளுங்கள். இரவு ஷிப்டுக்குப் பெண்ணின் சம்மதம் வேண்டும். பாதுகாப்பும் போக்குவரத்தும் நிறுவனத்தின் பொறுப்பு. பத்துப் பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் இடங்களில், பாலியல் தொல்லை பற்றிய புகாரை விசாரிக்கும் குழு 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி இருக்க வேண்டும். குழு உறுப்பினர்களின் பெயரை மகள் சேர்ந்த முதல் வாரத்திலேயே அறிந்துகொள்ளட்டும்.

இன்னொன்று. “இரண்டு வருடம் போய் நகைக்குச் சேர்த்துக்கொண்டு வரட்டும்” என்று மட்டும் எண்ணி அனுப்பாதீர்கள். மகளின் சம்பளத்தில் ஒரு பகுதி அவள் பெயரிலேயே வங்கியில் இருக்கட்டும். மகனுக்குப் பார்ப்பதுபோலவே மகளுக்கும் தொழில் கற்றுத்தரும் வேலையைப் பாருங்கள். திருமணத்துக்குப் பின்னும் சான்றிதழ் அவளோடு செல்லும்.

சேர்ந்தபின் முன்னேறும் வழி

முதல் ஆறு மாதங்களில் மூன்று பழக்கங்களை உறுதி செய்துகொள்ள வேண்டும்: நேரம் தவறாமை, பாதுகாப்பு விதிகளை மீறாமை, அளவைச் சரிபார்த்தல். சட்டைப்பையில் ஒரு சிறு குறிப்பேடு வையுங்கள். எந்திரம் எப்போது நின்றது, ஏன் நின்றது, யார் எப்படிச் சரிசெய்தார் என்று எழுதுங்கள். ஓராண்டில் அக்குறிப்பேடு ஒரு பாடநூலாகிவிடும். மழை அளவைக் குறித்து வைக்கும் உழவருக்கு இதன் பயனைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டாம் ஆண்டில் பக்கத்து எந்திரத்தையும் கற்க அனுமதி கேளுங்கள். ஒரே எந்திரம் தெரிந்தவரை அந்த எந்திரம் மாறும்போது மாற்றிவிடுவார்கள். வரைபடம் படிக்கவும், பழுதான பொருள்களைக் கணக்கிட்டு எழுதவும், கணினியில் பதியவும் கற்றுக்கொண்டவரே மேற்பார்வையாளர் ஆகிறார்.

படிப்பை நிறுத்திவிடாதீர்கள். பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமா முடித்தவர் பொறியியலில் இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஐ.டி.ஐ. படித்தவர்கள் மொழிப்பாடத் தேர்வுகளை எழுதிப் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணைச் சான்று பெறவும் வழியுண்டு. பெல்ட்டில் பெட்டி அடுக்கத் தொடங்கியவருக்கும் இவ்வழிகள் அடைபடவில்லை.

ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் வேலை மாறாதீர்கள். புதிதாகத் தொழில் கற்கக் கிடைத்தால் மாறுங்கள். மாறும்போது எழுத்து மூலம் முன்னறிவிப்புத் தந்து, விடுவிப்புக் கடிதமும் அனுபவச் சான்றும் பெற்ற பின்னரே வெளியேறுங்கள். சொல்லாமல் நின்றுவிடுபவரின் இரண்டாண்டு உழைப்புக்குச் சான்று இல்லாமல் போகும்.

நிலம் இருக்கட்டும்

பிள்ளைக்கு ஆலையில் வேலை கிடைத்ததும் நிலத்தை விற்றுவிட்டு ஓசூரில் மனை வாங்கும் எண்ணம் பலருக்கு வருகிறது. வேலை நிலைபெறும் வரை, குறைந்தது ஐந்து ஆண்டுகளேனும், அவ்வெண்ணத்தைத் தள்ளி வையுங்கள். ஆலையில் ஆள் குறைப்பு வரலாம். 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது ஆலைகள் மூடப்பட்ட நாட்களில், ஊரில் நிலமும் வீடும் இருந்தவர்கள் திரும்பி வர ஓர் இடம் இருந்தது.

கையாள் குறைந்த வீட்டில் அதற்கேற்ற பயிரைத் தேர்ந்தெடுக்கலாம். மா, புளி போன்ற மரப்பயிர்களும், சொட்டுநீரும் ஷிப்டு வேலைக்குச் செல்பவரின் வீட்டுக்கு ஏற்றவை. சம்பளத்தில் ஒரு சிறு பகுதியைக் கிணற்றுக்கும் குழாய்க்கும் ஒதுக்கினால் நிலமும் முன்னேறும். பயிர்த் தேர்வு பற்றிப் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளையும் உங்கள் பகுதி வேளாண்மை, தோட்டக்கலை அலுவலர்களையும் கலந்து பேசுங்கள்.

நினைவிற்கொள்ள வேண்டியவை

1. முதல் வேலையைச் சம்பளத்தால் மட்டும் அளக்காதீர்கள். அது கற்றுத்தரும் தொழிலால் அளந்து பாருங்கள்.

2. ஒப்பந்த வேலைக்குச் செல்ல நேர்ந்தால் கெடு வைத்துச் செல்லுங்கள்.

3. எல்லா ஆவணங்களிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கட்டும்.

4. வேலைக்காகப் பணம் கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழை விட்டு வைக்காதீர்கள்.

5. நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள்.

6. வைப்பு நிதியை மாற்றுங்கள், எடுக்காதீர்கள்.

7. நிலத்தை அவசரப்பட்டு விற்காதீர்கள்.

வரும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் முன்பே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் பிள்ளைகளை உட்கார வைத்து இக்கட்டுரையைப் படித்துக் காட்டுங்கள். மேலே கண்ட ஐந்து கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி அவர்கள் கையில் கொடுங்கள். நேர்முகத் தேர்வுக்குப் போகும் நாளில் அத்தாள் சட்டைப்பையில் இருக்கட்டும்.